ஒழுகுகிற கூரையில் ஒரு கொடிக்கம்பம்

கான்கிரீட்டுக்குத் தெரிந்த வித்தை இரண்டுதான்: ஒன்று இறுகுவது, இன்னொன்று விரிசல் விடுவது, இரண்டுக்கும் நடுவில் நின்று ஏச்சு வாங்குகிறவனுக்கு ஓவர்சியர் என்று பெயர். நடுக்கூடத்தில் குண்டான் வைத்துவிட்டுச் சொட்டுச் சத்தத்தில் தூக்கம் கெட்டுப் படுத்திருக்கும் என் இனத்தாரே, இது உங்களுக்காகத்தான்.

எழுபதுகளில் குடவாசல் பக்கத்து கிராமம் ஒன்றில் விவசாயத் தொழிலாளர்களுக்கு, ஊர் மிராசுதாரிடமிருந்து எடுத்த நிலத்தில், அரசாங்கம் காலனி வீடு கட்டியது. நான் அங்கே ஓவர்சியர். மூலை வீடு காசாம்புவுக்கு. நடவுக்குப் போகிறவள், புருஷன் இல்லை, மகளுக்கு ஐப்பசியில் பிரசவம். அடைமழை மாசம். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "புள்ளை பொறக்கிற அன்னிக்கு ஒரு மூலையாவது நனையாம இருக்கணுங்க."

மிராசுதார் குளம்

கூரைக்குக் கான்கிரீட் போட்ட மறுநாள், மேலே களிமண்ணால் சின்னச் சின்ன வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். பச்சைக் கான்கிரீட் வெயிலில் காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும், வெடித்தால் மழை நேராக உள்ளே வரும். நாங்கள் போட்டது சித்திரையில். ஆற்றில் அப்போது மணல்தான் ஓடியது. தண்ணீர் கிடந்த ஒரே இடம் மிராசுதாரின் குளம். அந்த வருஷம் கூலி நெல் கூட்டிக் கேட்டு, காலனி ஆட்கள் அறுவடைக்கு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கோபத்தில் மிராசுதார் படித்துறைக்கு முள்வேலி போட்டுவிட்டார்.

நானே போய்க் கெஞ்சினேன். வெற்றிலையை மென்றபடி காலனிப் பக்கம் எட்டிப் பார்த்தார். கூரைமேல் வரப்புகள் தெரிந்தன. "கீழ இருந்த நிலத்தைத்தான் எடுத்துக் குடுத்தீங்க. இப்ப கூரை மேலயும் வயல் போட்டுக் குடுக்குறீங்களா ஓவர்சியர்? அதுக்குப் பட்டா எப்ப?"

தலைமுடி

பெண்கள் தூரத்து அடிபம்பிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்து ஊற்றினார்கள். ஊற்றியதை எல்லாம் வெயில் குடித்தது. கூரை முழுக்க விரிசல். இன்ஜினியர் ஜீப்பில் வந்து இறங்கி, மேலே ஏறி, ஒரு விரிசலைக் குனிந்து பார்த்தார். தலைமுடி கனம்தான், ஈரம் பட்டால் உள்ளிருக்கிற சுண்ணாம்பு கசிந்து வந்து தானே அடைத்துக்கொள்ளும் என்றார்.

அது பொய்யில்லை. நன்றாகப் போட்ட கான்கிரீட்டுக்குள் தண்ணீர் நுழைவது லேசில்லை. தலைமுடி விரிசல்கூடப் பல நேரம் வெள்ளைக் கோடாக ஆறிவிடும். வம்பெல்லாம் அகலத்தில்தான். விரிசல் இரண்டு மடங்கு அகலமானால் தண்ணீர் இரண்டு மடங்கு வராது, எட்டு மடங்கு வரும். காசாம்பு வீட்டு விரிசலில் தலைமுடி என்ன, பின்னலே போகும். அதை இன்ஜினியர் அழகாகத் தாண்டி நடந்தார். கீழே நின்றிருந்த காசாம்பு என்னிடம் சொன்னாள்: "கூலித் தகராறுக்கு வந்த தாசில்தாரும் தானா அடங்கிடும்னுதாங்க சொன்னாரு. ஜீப்புல வர்றவங்களுக்கு எல்லாமே தானா ஆயிடும்போல."

திறப்பு விழா

மந்திரி வருகிறார் என்றதும் கான்ட்ராக்டர் சிமெண்டைப் பாலாகக் கரைத்து விரிசல்மேல் துணியால் தடவினார். பவுடர் பூசினால் காய்ச்சல் போய்விடுமா? மந்திரி மேடையேறி, இந்தக் கூரைக்குள் இனி மழைக்கு வேலையில்லை என்று முழங்கினார். நானும்தான் கைதட்டினேன், சம்பளம் வாங்குகிறேனே!

விழா முடிந்த சூட்டோடு மந்திரி கட்சியின் கிளைச் செயலாளர், சாலையைப் பார்த்த வீடு என்று காசாம்புவின் கூரையைத் தேர்ந்தெடுத்தார். கடப்பாரையால் குத்தி, கான்கிரீட்டின் ஒரு மூலையில் ஓட்டை போட்டு, மூங்கில் கொடிக்கம்பம் நட்டுவிட்டார். நான் பதறிக்கொண்டு ஓடினேன். கீழே ஜனங்கள் குடியிருக்கிற வீடு ஐயா என்றேன். அவர் சிரித்தார்: "வீடு குடுத்தது யாருன்னு கூரை சொல்ல வேணாமா சார்?"

முளைத்த நெல்

புரட்டாசியில் முதல் மழை. தன் கூரை ஒழுகுகிறது, வந்து பாருங்கள் என்று மிராசுதார் எனக்கு ஆள் அனுப்பினார். காலனிக்கு ஒரு குடம் தராதவர், தன்னுடைய புது நெல் குடோன் கூரைக்குக் கலவையிலேயே குளத்தைக் கொட்டியிருந்தார். கலவை கஞ்சியாக ஓடினால் கொத்தனாருக்குச் சுளுவு. ஆனால் அதிகப்படித் தண்ணீர் காய்ந்து போன வழியெல்லாம் துளை, கூரை சுருங்கிய இடமெல்லாம் விரிசல். உள்ளே அடுக்கியிருந்த போன வருஷத்து நெல் மூட்டைகள் பச்சைப்பசேலென்று முளைத்துக் கிடந்தன.

அரசாங்கம் கட்டாயக் கொள்முதலாகக் கேட்ட லெவி நெல்லை அளக்கத் தன்னிடம் ஒரு மணி நெல்கூட இல்லை என்று அவர் சாதித்துவந்தது ஊருக்கே தெரியும். என் காதருகே வந்தார்: "நெல்லு முளைச்சதை வேணும்னா சொல்லிக்குங்க ஓவர்சியர். நெல்லு இருந்ததை மட்டும் சொல்லிடாதீங்க."

கம்பம்

காசாம்பு வீட்டில் விரிசல் வழியே சொட்டு, கம்பத்து ஓட்டை வழியே தாரை. மகள் நிறைமாசமாக வந்து சுவரோரம் ஒண்டிக்கொண்டிருந்தாள். கம்பத்தை எடுத்தால் நான் ஓட்டையை அடைத்துவிடுவேன். செயலாளரோ, மாவட்டத்தைக் கேட்காமல் கொடியை இறக்க முடியாது, எதிர்க்கட்சிக்காரன் சிரிப்பான் என்றார். போலீசைக் கேட்டால், சட்டம் ஒழுங்கு கெடும் என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அதைத் தவிர அரசாங்கம் எனக்கு வேறு அதிகாரம் கொடுத்திருக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு காலை, விடாத மழையில் போனால் கூரையில் கம்பத்தைக் காணோம். ஓட்டையில் வைக்கோலும் களிமண்ணும் திணித்திருந்தது. வாசலில் செயலாளர் ஆட்களோடு நின்று, கொடி எங்கே என்று கத்திக்கொண்டிருந்தார். கலவரம்தான் என்று நான் நடுவில் போய் நின்றேன். காசாம்பு கதவைப் பாதி திறந்து, வாயில் விரல் வைத்தாள். "கொடி மடிச்சுப் பத்திரமா இருக்குங்க. கம்பத்தைச் சுவத்துக்குச் சுவர் குறுக்கால குடுத்துத் தூளி கட்டியிருக்கேன். எங்க பழைய குடிசையில விட்டம் இருந்துச்சு, நீங்க கட்டின வீட்டுல தூளி கட்ட என்ன இருக்கு? புள்ளை இப்பத்தான் தூங்குது, கோஷம் போடறதா இருந்தா குளத்தங்கரையில போய்ப் போடுங்க."

மழை விட்ட அன்றே ஏறி அந்த ஓட்டையையும் அதைச் சுற்றியிருந்த விரிசலையும் மிச்சமிருந்த சிமெண்டால் அடைத்தேன். அந்தக் காலனியிலேயே நனையாத மூலை அது ஒன்றுதான், அதையும் மந்திரி தன் சாதனையில்தான் சேர்த்துக்கொண்டார்.