செத்தவீடு காணாத கமெரா

நெடுந்தீவில் நான் கறுப்புப் பையைத் தோளில் கொழுவிக்கொண்டு தெருவில் இறங்கினால் ஒருவரும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. "ஆர்?" என்றுதான் கேட்பார்கள். செத்தது ஆர் என்று அர்த்தம். நான் ஆளைச் சொல்லுவேன். "பிரேதம் எப்ப எடுக்கினம்?" என்பது அடுத்த கேள்வி. அதற்கும் பதில் சொல்லிவிட்டு நடப்பேன்.

பைக்குள் இருப்பது பெரிய கமெரா. என்னுடையது இல்லை. வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் கோயில் திருவிழாவை நேரலையில் பார்ப்பதற்காகக் காசு சேர்த்து அனுப்பியது. போன் ரீலோட், போட்டோக் கொப்பி, அடையாள அட்டைப் படம் என்று நான் ஒரு சின்னக் கடை வைத்திருப்பதால் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. திருவிழா வருடத்துக்கு ஒருமுறை. செத்தவீட்டுக்கு அப்படிக் கணக்கில்லை. தீவில் மிஞ்சியிருப்பவர்களில் கனபேர் வயது போனவர்கள். பிள்ளைகள் கனடாவில், பிரான்சில், லண்டனில். வரக்கூடியவர்கள் வருவார்கள். விசா இல்லாதவர்களும் லீவு கிடைக்காதவர்களும் அந்தக் கமெராவுக்குள்ளால் பார்ப்பார்கள். காதில் வயரைக் கொழுவிக்கொண்டு நான் பிரேதத்தைச் சுற்றி நடப்பேன். காதுக்குள் யாரோ ஒரு பிள்ளை அழும். அழுகைக்கு நடுவில், "அண்ணை, கொஞ்சம் காலடிப் பக்கம் போங்கோ" என்று சொல்லும். நான் காலடிப் பக்கம் போவேன்.

படம் பிடிப்பது எனக்கு விருப்பமான விஷயமாகத்தான் தொடங்கியது. பெரிய கமெரா வருவதற்கு முந்தியே பழைய போனில் எதையாவது எடுத்துக்கொண்டிருப்பேன். கடலுக்கு மேலால் மழை நடந்து வருவதை எடுப்பேன். வற்றுக்கடலில் பாசி அசைவதை எடுப்பேன். கடையில் ஆட்கள் இல்லாத நேரம் அவற்றைப் போட்டுப் பார்த்தால் நெஞ்சுப் படபடப்பு கொஞ்சம் அடங்கும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதற்கும் படபடப்பு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றதற்குச் சண்டைக்கால இடப்பெயர்வு ஒரு காரணம். திரும்பிப் போனால் சின்னப் பிள்ளைகளோடு இருத்துவார்களே என்ற பயம் மற்றக் காரணம்.

ஒருநாள் நல்ல வெயில். அலை தெளிவாக விழும் என்று பெரிய கமெராவை இறங்குதுறையில் நிறுத்திக் கடலைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். ஒரு பெண் கடைப்பக்கமிருந்து ஓடி வந்தாள்.

"ஆற்றை பிரேதம் வருகுது?"

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் செத்தவர்கள் படகில்தான் ஊருக்கு வருவார்கள். அவளுடைய தமையன் அப்போது அங்கே வார்ட்டில் கிடந்தார்.

"ஒருத்தரும் இல்லை அக்கா. நான் சும்மா தண்ணியை எடுக்கிறன்."

"தண்ணியையோ?" அவள் கமெராவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பரவாயில்லைத் தம்பி, சொல்லும். நான் தாங்குவன்."

சத்தியம் பண்ணியும் அவள் நம்பவில்லை. தமையனோடு போனில் கதைத்த பிறகுதான் போனாள். அதற்குப் பிறகு நான் பெரிய கமெராவை வெறும் தண்ணீருக்குத் திருப்பவில்லை. எனக்கென்று ஒரு சின்னக் கமெரா வேண்டும், அது ஒரு செத்தவீட்டையும் காணக்கூடாது என்று நினைத்தது அன்றைக்குத்தான்.

வாங்குவதற்கு மாதக்கணக்கில் யோசித்தேன். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் என்ற வகை கையடக்கமாக இருக்கும், வீடியோவுக்கு நல்லது என்று தெரிந்துகொண்டேன். ஆங்கிலம் எனக்கு ஓடாது. இந்தியப் பெடியள் தமிழில் போடும் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவர்கள் கதைக்கிற வேகத்துக்கு அதுவும் பாதிதான் விளங்கியது. உப்புக்காற்று லென்ஸைத் தின்னுமோ? லென்ஸைக் கழற்றி மாட்டும்போது மண் உள்ளே போகுமோ? படகு ஆடும் ஆட்டத்தை இது தாங்குமோ? விலை குறைந்ததில் ஸ்கிரீன் திரும்பாது என்கிறார்கள், திரும்புவது முறிந்துபோகும் என்கிறார்கள். பிறகு இதெல்லாவற்றையும் விடப் பெரிய யோசனை வந்தது. வாங்குவது நல்ல கமெராவாக இருந்துவிட்டால் என்ன செய்வது? பெரியது பழுதாகிற அன்று, "உன்னட்டை ஒண்டு கிடக்கெல்லோ, அதைக் கொண்டு வா" என்பார்கள். செத்தவீட்டில் மாட்டேன் என்று சொல்ல என்னால் ஏலாது.

அதன் பிறகு நான் குறை தேடத் தொடங்கினேன். வீடியோப் பெடியள் கடைசியில் அவசரமாகச் சொல்லி முடிக்கும் குறைகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒரு கமெரா அரை மணித்தியாலத்தில் நின்றுவிடும் என்றார்கள். வெயிலில் சூடேறும், வெளி மைக் குத்த இடமில்லை என்றும் சொன்னார்கள். அதையே மனதில் வைத்துக்கொண்டு காலைப் படகில் அக்கரையில் இருக்கும் குறிகட்டுவானுக்குப் போய், பஸ் ஏறி யாழ்ப்பாணம் ரவுனில் ஒரு கடைக்குப் போனேன். கவுண்டரில் நின்றவருக்கு என்னிலும் வயது குறைவு. பொறுமையான ஆள்.

"அண்ணை, உண்மையைச் சொல்லுறன். இது நீளமா எடுக்கச் சரிவராது. அரை மணித்தியாலத்தில நிண்டிடும்."

"நல்லது."

"நல்லதோ?"

"சூடேறுமாமே?"

"ஓம், வெயிலுக்குள்ள கொஞ்சம் ஏறும்."

"வெளி மைக் பூட்டேலுமோ?"

"ஏலாது. அதுக்கு மேல் மொடலுக்குப் போகோணும். இன்னும் கொஞ்சம் போட்டீங்களெண்டால்—"

"வேண்டாம், வேண்டாம். நேரலை போகுமோ?"

"வயர் கொழுவிப் போகப் பண்ணலாம் அண்ணை. ஆனால் கரைச்சல் பிடிச்ச வேலை."

"எவ்வளவு கரைச்சல்?"

அவர் கமெராவைக் கவுண்டரில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "குறையைக் கேட்டுக் கேட்டுச் சந்தோசப்படுற ஆளை நான் இண்டைக்குத்தான் காணுறன். வீட்டில ஆரோடையும் பகைக்கோ வாங்குறீங்கள்?"

கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாங்கிக்கொண்டு வந்தேன். விலை என் கைக்குள் நின்றது என்பதைவிட அந்தக் கரைச்சல்தான் எனக்குப் பிடித்திருந்தது.

கமெராவைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுதிரிந்தேன். என் மனுசி ஒருநாள் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "கள்ளச் சாமான் மாதிரிக் காவுறீங்கள்" என்றாள். ஆட்களை எடுப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டிருந்தேன். தண்ணீர், நண்டு, கல்வேலியில் விழும் வெயில், இவ்வளவும்தான். ஆள் குறுக்கே வந்தால் நிறுத்திவிடுவேன்.

அந்தச் சட்டத்தை உடைத்தவன் என் சிநேகிதன். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவன், என்னோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கடற்றொழில் செய்தான். மனைவி முந்தியே செத்துப்போனாள், ஒரே மகள் பிரான்சில். அவனுடைய படகில் நான் இடைக்கிடை ஏறிப் போவேன். அன்றைக்கு எஞ்சின் கிளம்ப மறுத்தது. படகின் ஓரத்தில் நுரை மோதுவதை நான் எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் கமெராவுக்கு முன்னால் வந்து குந்தினான்.

"தள்ளடா, மறைக்குது."

"ஏன், மனுசரை எடுத்தால் உன்ரை கமெரா வெடிச்சிடுமோ?"

"ஆக்களை நான் இதில எடுக்கிறேல்லை."

"அப்ப நான் ஆளில்லையோ? எடு, எடு. எடியே துவங்கன்..." பின்னதை எஞ்சினுக்குச் சொன்னான். கயிற்றை இழுத்தான். எஞ்சின் இருமிவிட்டு நின்றது. "கண்டியோ, கமெராவைக் கண்டோடனை வெக்கப்படுறாள். தண்ணியை எடுத்து என்னத்துக்கடா? நாங்கள் நாளும் பொழுதும் அதைத்தானே பாக்கிறம். இதுக்குக் காசைக் கொட்டினனியே, விசரா." மூக்கைச் சிந்திக் கடலில் எறிந்தான். திரும்பவும் இழுத்தான். கிளம்பியது. அவ்வளவுதான். நான் நிறுத்தினேன்.

சோழகக் காற்றுக் கடுமையாக வீசிய ஒரு விடியற்காலை அவனுக்கு நெஞ்சு நோவு வந்தது. படகில் கிடத்திக் கொண்டுபோனார்கள். அலைக்குள் வேகமாக விட முடியவில்லை. குறிகட்டுவானில் இறக்கும்போது மூச்சில்லை. மறுபடி அதே கடலால் திரும்பி வந்தான்.

நான் கறுப்புப் பையைக் கொழுவிக்கொண்டு போனேன். அன்றைக்கு வழியில் ஒருவரும் ஆர் என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. காதில் அவன் மகள். அவளுக்கு இன்னும் விசா இல்லை, வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. மற்றப் பிள்ளைகள் போல அவள் கத்தவில்லை. "மாமா, முகத்துக்குக் கிட்டப் போங்கோ" என்றாள். போனேன். "இன்னும் கிட்ட." போனேன். தாடையில் சவரம் பண்ணும்போது வெட்டிய சின்னக் காயம் தெரிந்தது. செத்தபிறகு யாரோ அவசரத்தில் சவரம் செய்திருந்தார்கள். அவள் அதைக் காணக்கூடாது என்று கமெராவைக் கொஞ்சம் சரித்தேன். சுடலைவரை எடுத்தேன்.

சின்னக் கமெரா வீட்டு அலுமாரிக்குள் இருந்தது. அதைச் செத்தவீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, காப்பாற்றிவிட்டேன் என்று அன்றிரவு ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு எனக்கே பிடிக்கவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்தபின் அவன் மகள் போன் எடுத்தாள்.

"மாமா, அப்பா கதைக்கிற வீடியோ ஏதும் உங்களிட்டைக் கிடக்கோ?"

"நீ நெடுகலும் வீடியோக் கோலில கதைக்கிறனியெல்லோ பிள்ளை?"

"அவர் வீடியோக் கோலையும் காதிலதான் வைப்பார். எத்தினை தரம் சொன்னனான். என்னட்டைக் கிடக்கிறது அப்பான்ரை காதும் வீட்டுக் கூரை முகடும்தான்."

தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேட ஒன்றுமில்லை, எங்கே கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். அனுப்பினால் அவள் அதை முப்பத்தோராம் நாள் சடங்குக்கு, முப்பத்தொண்டுக்கு, எல்லாரும் பார்க்கப் போடுவாள். தீவும் தீவுக்கு வெளியே உள்ளவர்களும் பார்ப்பார்கள். பிறகு அந்தக் கமெராவுக்கு என்ன நடக்கும்? கடையில் இருந்தாலும் இதே யோசனை, படுத்தாலும் இதே யோசனை. மூன்றாம் முறை அவள் கேட்டதை மனுசி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்தப் பிள்ளை தகப்பன்ரை குரலைக் கேக்குது. நீங்கள் கமெராவுக்குச் செத்தவீட்டுத் துடக்கு வந்திடும் எண்டு யோசிக்கிறீங்கள்."

"அப்படியில்லை."

"வேறை எப்பிடி?"

நான் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தேன். கார்ட்டைக் கழற்றிக் கடைக் கொம்பியூட்டரில் போட்டேன். நுரை, நுரை, பிறகு அவன் வந்து குந்துகிறான். என்னை விசரா என்கிறான். அவனை அதற்குள் நான்தான் வைத்திருந்தேன். செத்தவீட்டுக்குக் கொண்டுபோகாவிட்டால் என்ன, அவன் முந்தியே உள்ளே வந்து இருந்துவிட்டான். வெட்டாமல் கொத்தாமல் அப்படியே அனுப்பினேன். அடுத்த நாள், "அப்பா மூக்குச் சிந்துறார் மாமா" என்று மட்டும் அவளிடமிருந்து வந்தது.

முப்பத்தொண்டில் அந்தத் துண்டு போனது. நான் பயந்ததுபோல, செத்தவீட்டுக்குச் சின்னக் கமெராவை எடுத்துக்கொண்டு வா என்று ஒருவரும் கேட்கவில்லை. வேறு விதமாகக் கேட்டார்கள். முதலில் கனடாவில் இருந்து ஒரு பெண்: "அண்ணை, அம்மாவைக் கதைக்க விட்டு எடுத்து வையுங்கோ. இப்ப அனுப்ப வேண்டாம். உங்களிட்டையே கிடக்கட்டும்." பிறகு இன்னொருவர். எல்லோருக்கும் அதே சொல், கிடக்கட்டும். காசும் அனுப்பினார்கள். செத்தவீட்டுக்கு வருவதைவிடக் கூடத்தான். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை.

இப்போது தண்ணீரை எடுக்க நேரமில்லை. எடுத்தாலும் மனம் அதில் நிற்பதில்லை. சாப்பாட்டுப் பையும் தெரிந்துபோய்விட்டது. அதோடு ஒரு வீட்டுப் படலையைத் திறந்தால் உள்ளே இருக்கும் கிழவருக்கு ஏன் வந்தேன் என்று விளங்கிவிடுகிறது.

போன கிழமை கூட்டுறவுச் சங்கக்கடையில் முன்னொரு காலத்தில் மனேச்சராக இருந்தவரிடம் போனேன். தனியே இருக்கிறார். இரண்டு மகன்மாரும் லண்டனில். விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, என்ரை ஓடரும் வந்திட்டுதோ?"

"சும்மா கதைக்கத்தான் ஐயா."

"சும்மா கதைக்கிறவன் கமெராவோட வரமாட்டான். பொறும்."

உள்ளே போனார். கனநேரம் வரவில்லை. முகம் வழித்து, வெள்ளைச் சேட்டும் மடிப்புக் கலையாத வேட்டியுமாக வந்தார். கதிரையை வெளிச்சத்துக்குத் தானே இழுத்துப் போட்டு இருந்தார். கழுத்துப் பொத்தானைப் பூட்டினார், கழற்றினார், திரும்பப் பூட்டினார். நான் பதிவை ஓடவிட்டேன்.

"என்னத்தைச் சொல்ல?"

"விருப்பமானதைச் சொல்லுங்கோ ஐயா."

அவர் லென்ஸைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஆர் கேட்டது? பெரியவனோ, சின்னவனோ?"

"சின்னவர் ஐயா."

"ஓம்." வேட்டியின் ஓரத்தை முழங்காலில் நீவிவிட்டார். "பெரியவன் கேக்கேல்லை என்ன."

அவர் முகத்தைத் திரும்பக் கமெராவுக்குக் கொடுத்து, இருமித் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, சின்னவனுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.