பாக்கெட்டின் பின்பக்கம்

அன்புச்செல்வி என்ற பெயரை நான் முதலில் கேட்டது அனந்தபுரத்தில், என் நாத்தனார் மகன் கல்யாணப் பந்தியில். என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன் ராயப்பன். பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, தனக்குப் பெண் பிறந்திருக்கிறது, அன்புச்செல்வி என்று பேர் வைக்கப் போகிறோம் என்றான். அவன் அம்மா பூமாலை பக்கத்திலேயே இருந்தாள். தன் பேரை வைப்பான் என்று நினைத்திருந்தவள் அவள்.

“இம்மாம் நீளப் பேரா? நீ கூப்ட்டு முடிக்கறதுக்குள்ள புள்ள தெருவத் தாண்டிப் பூடும்டா,” என்றாள்.

பூமாலை சொன்னபடிதான் ஆயிற்று. அந்தப் பேரை முழுசாக யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் செல்வி, தெருவில் ராயப்பன் பொண்ணு. திண்டிவனத்தில் பிரான்சிஸுக்குக் கட்டிக்கொடுத்த பிறகு பிரான்சிஸ் பொண்டாட்டி. மகள் பிறந்ததும் கலைமதி அம்மா. ரேஷன் கார்டில் மட்டும் அன்புச்செல்வி உட்கார்ந்திருந்தாள்.

பிரான்சிஸும் எனக்கு அந்நியமில்லை, என் அம்மாவின் மாமன் பேரன். குட்டியானை வண்டி ஓட்டுகிறான். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் சரக்கு ஏற்றிப் போவான். ஒரு வெயில் காலத்தில் அன்புச்செல்வி மாடியில் வடகம் போட்டாள். வீட்டுக்குப் போக மிச்சமிருந்ததை, விழுப்புரத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் மணிமாறனிடம் காட்டிவிட்டு வந்தான் பிரான்சிஸ். அதுதான் தொடக்கம்.

குழம்பு தாளிக்கிற இந்த வடகம் சொன்னால் சின்ன வேலை, செய்தால் முதுகு போய்விடும். சின்ன வெங்காயமும் பூண்டும் இடித்து, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம் எல்லாம் போட்டு, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்துக் காயவைக்க வேண்டும். சாயங்காலம் உருண்டைகளை உடைத்து மறுபடி பிசைந்து மூடிவைக்க வேண்டும். காலையில் திரும்ப உருட்டி வெயிலில் வைக்க வேண்டும். நன்றாகக் காயும் வரைக்கும் இதே பாடு. அந்த நாட்களில் அன்புச்செல்வி எங்கள் வீட்டுக்கு வந்தால், அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வருகிற மணத்தில் எனக்குக் குழம்பு வைக்கத் தோன்றும்.

மணிமாறன் நல்ல மனிதர்தான். வெயில் காலம் முழுக்க அவள் போடுவதை ஒட்டுமொத்தமாக எடுத்துக்கொண்டார். அப்படி எடுக்கிற கடை அவளுக்கு வேறு கிடையாது. ஆனால் அவர் விற்றது ‘லட்சுமியம்மாள் கைப்பக்குவ வடகம்’ என்ற பேரில். லட்சுமியம்மாள் அவருடைய அம்மா. இறந்துபோனவர். கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருந்த படத்தையே எடுத்து பாக்கெட்டில் ஒட்டியிருந்தார். உற்றுப் பார்த்தால் கழுத்தோரம் மாலையின் பூ கொஞ்சம் தெரியும். அன்புச்செல்வி அதைப் பெரிதாக நினைக்கவில்லை. சரக்கு போனது, வீடு நடந்தது.

போன வருஷம், எங்கள் திண்டிவனத்திலேயே ஒரு நிச்சயதார்த்தச் சாப்பாடு. காரக்குழம்பு ஊற்றியதும் பந்தியே தலையைத் தூக்கிப் பார்த்தது. சமையல்காரரைக் கூப்பிட்டு, என்னய்யா போட்டே என்று கேட்டார்கள்.

“விழுப்புரத்துலேர்ந்து ஆள் உட்டு வரவழச்சேன். லட்சுமியம்மாள் வடகம்! அந்தம்மா கை மணம் இங்க யாருக்கு வரும்?” என்றார் அவர்.

எனக்கு அடுத்த இலையில் அன்புச்செல்வி. அதற்கடுத்து கலைமதி. கல்லூரியில் படிக்கிற பெண், வாய் சும்மா இருக்குமா?

“அது எங்கம்மா போட்டது. ரெண்டு தெரு தள்ளி எங்கூட்டு மாடியில போட்டது,” என்றாள்.

சமையல்காரர் சிரித்துவிட்டார். “ஆமா பாப்பா, அப்பளம் எங்கூட்டு மாடியில போட்டது. சாப்புடு, சாப்புடு.”

பந்தி முழுக்கச் சிரித்தது. அன்புச்செல்வி மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டே குழம்பைப் பிசைந்தாள். கை கழுவுகிற இடத்தில் என்னிடம், “என் பேரப் போட்டு ஒரு பாக்கெட்டு போடணும் பெரியம்மா,” என்றாள்.

கலைமதி ஃபோனிலேயே படம் வரைந்தாள். பச்சை வெங்காயத் தாள், நடுவில் ‘அன்புச்செல்வி வடகம்’. பளபளவென்று உறை வாங்கினார்கள். காற்றுப் போகாமல் ஒட்டுகிற சின்ன மிஷினும் வந்தது. பிரான்சிஸ் பார்த்துவிட்டு, “ஷாம்பு பாக்கெட்டாட்டம் இருக்குது. எவனாவது தலைல தேச்சிக்கப் போறான்,” என்றான்.

பின்பக்கத்தில்தான் சிக்கல் வந்தது. தின்கிற பண்டம் விற்றால் பதிவு எண் போட வேண்டும், செய்கிற இடத்தின் விலாசமும் போட வேண்டும் என்று கலைமதி சொன்னாள். அவர்கள் விலாசம் மாதா கோயில் தெரு, காலனி. காலனி என்று எழுதினால் அங்கே இருப்பது எந்தச் சனம் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

மணிமாறன் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பேரு போட்டுக்கம்மா, வேணாங்கல. இந்த விலாசம் எதுக்கு? என் கடை விலாசத்தப் போட்டுடு.”

“செய்யற எடம் எங்கூடு இல்லீங்களாண்ணா?”

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நான் உன் கையால டீ குடிச்சவன். வாங்கறவங்க பலவிதம். நிக்குற யாவாரத்தப் படுக்க வச்சிடாதே.”

அவள் பயந்தாள். இவர் கோபித்துக்கொண்டால் அந்த வருஷத்து வடகம் மாடியிலேயே கிடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும், “வச்சுப் பாருங்கண்ணா. போவலன்னா திருப்பி எடுத்துக்கினு போறேன்,” என்று கொஞ்சம் பாக்கெட்டுகளை வைத்துவிட்டு வந்தாள். மீதியை வழக்கம்போல் லட்சுமியம்மாளுக்கே கொடுத்தாள்.

ஒரு மாதம் ஆயிற்று. ஒரு பாக்கெட்டுகூட நகரவில்லை. “நான் சொன்னேன் இல்ல,” என்று பிரான்சிஸிடம் சொல்லியனுப்பினார் மணிமாறன். விலாசத்தை மாற்றிவிடலாம் என்று பிரான்சிஸே சொன்னான்.

அன்புச்செல்வி வண்டியேறி விழுப்புரம் போனாள். மணிமாறன் கடையில் ஒரு ஓரமாகக் காலையிலிருந்து உட்கார்ந்து பார்த்தாள். வருகிறவர்கள் இவளுடைய பாக்கெட்டை எடுக்காமலில்லை. எடுத்தார்கள், மூக்கில் வைத்தார்கள், கீழே வைத்துவிட்டார்கள். லட்சுமியம்மாள் பாக்கெட் வெறும் பிளாஸ்டிக் கவர், மேலே ஒரு பின் அடித்தது. அதை மூக்கில் வைத்தார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்குச் சாயங்காலம் நேராக என்னிடம் வந்தாள்.

“பின்பக்கம் யாருமே திருப்பல பெரியம்மா. அதுவரைக்கும் போவவே இல்ல. மோந்து பாக்கறாங்க, மணம் வரல, வச்சிடறாங்க.”

விஷயம் கேட்ட கலைமதி, காற்றுப் போகாமல் ஒட்டினால் மணம் எப்படி வெளியே வரும் என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளே, “கோட்டக்குப்பத்துல அத்தர் கடையில கைல தடவிக் காட்டுவாங்களேம்மா, அதுமாதிரி ஒண்ணு வச்சிடலாம்,” என்றாள். ஒரு கண்ணாடி ஜாடியில் நாலு உருண்டையை உடைத்துப் போட்டு, ‘மோந்து பார்த்து வாங்குங்க’ என்று எழுதி ஒட்டினாள்.

ஜாடியைக் கொண்டுபோன அன்று நானும் வண்டியில் போனேன். விழுப்புரத்தில் என் நாத்தனார் பேத்தி பிள்ளை பெற்றிருந்தாள், பார்க்க வேண்டியிருந்தது. கடைக்குப் போனதும் மணிமாறன் எனக்கு முக்காலி எடுத்துப் போட்டார். அன்புச்செல்வி ஜாடியை மேஜைமேல் வைத்து மூடியைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து கெங்கம்மாள் உள்ளே வந்தார்.

அனந்தபுரம் பக்கத்துக்காரர். நிலபுலன் உள்ள குடும்பம். மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, மார்க்கெட் கமிட்டியில் விற்றுவிட்டு மகன் கோபியோடு வந்து, இங்கே மளிகை வாங்கிக்கொண்டு போவாராம். ஜாடியைப் பார்த்தார், குனிந்தார், மோந்தார். முகம் மாறிவிட்டது.

“ஏம்பா மணிமாறா! உங்கம்மா வடகத்த எவளோ அப்டியே காப்பி அடிச்சி, உன் கடையிலயே கொண்டாந்து வச்சிருக்கா. நீயும் பாத்துக்கினு கீறியே!”

“அது... வேறம்மா.”

“இன்னா வேற? எனக்குக் கண்ணுதான் மங்கல், மூக்கு நல்லாத்தான் இருக்குது. இது லட்சுமியம்மாள் வடகம். போலீசுல சொல்லு.”

அன்புச்செல்வி ஜாடி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மணிமாறன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆமாம் காப்பிதான், எடுத்துவிடுகிறேன் என்று. அவர் வியாபாரம் அப்படியே இருக்கும். இவள் பேர் அன்றோடு போகும். அவர் துலாத்தட்டில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

“காப்பி இல்லீங்கம்மா. ரெண்டும் ஒரே கைதான். தோ, இவங்க கைதான்.”

கெங்கம்மாள் திரும்பி எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். பாக்கெட்டை எடுத்து எட்டப் பிடித்து, எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். “அன்... புச்... செல்வி வடகம்.” பிறகு திருப்பினார். உதடு அசைந்துகொண்டே வந்து, கடைசி வரியில் நின்றுவிட்டது.

“அப்ப இத்தினி வருஷமா எங்கூட்ல தாளிச்சதெல்லாம்...”

“எங்கூட்டு மாடியில காஞ்சதுங்கம்மா,” என்றாள் அன்புச்செல்வி. மூடியை மேஜைமேல் வைத்தாள்.

“உங்கம்மா போட்டதே இல்லியாடா?”

“எங்கம்மாவுக்கு வடகமே ஆவாதுங்க. வாசன வந்தாலே தலவலின்னு ரூமுக்குள்ள போய்ப் படுத்துக்குவாங்க.”

கெங்கம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை அடக்கிக்கொண்டு, “அடப்பாவி,” என்றார். பாக்கெட்டை இருந்த இடத்தில் வைத்தார். புளியும் வெல்லமும் வாங்கினார். வடகம் எதையும் வாங்கவில்லை. போய்விட்டார்.

திரும்பி வரும்போது, வண்டி விக்கிரவாண்டி தாண்டியதும் அவளாகத்தான் பேசினாள். “எம் பேர முழுசாப் படிச்சாங்க, கேட்டியா பெரியம்மா?”

அடுத்த வாரம் கோபி மட்டும் கடைக்கு வந்தானாம். “போட்டோ இல்லாத வடகம் வாங்கியாறச் சொன்னாங்க அம்மா,” என்றானாம். எல்லாரும் அப்படியில்லை. பின்பக்கம் படித்துவிட்டு வைத்துப் போனவர்கள் உண்டு. லட்சுமியம்மாளே போதும் என்று கேட்டு வாங்கினவர்களும் உண்டு. ஜாடியை மோந்துவிட்டுத் திருப்பியே பார்க்காமல் வாங்கினவர்கள் அவர்களைவிட அதிகம்.

இந்த வெயிலுக்கு மணிமாறன் வீடு தேடி வந்தார். அம்மா படம் போட்ட பாக்கெட்டுக்கும் கொஞ்சம் வேண்டும் என்றார்.

“தர்றேண்ணா. அம்மா படம் முன்னால இருக்கட்டும். பின்னால எங்கூட்டு விலாசத்தப் போட்டுடுங்க,” என்றாள் அன்புச்செல்வி.

அவர் டீயைக் குடித்து முடித்தார். “ஜல்தியா எழுதிக் குடும்மா, அச்சுக்குக் குடுக்கணும்,” என்று எழுந்தார். லட்சுமியம்மாள் படத்துக்குப் பின்னால் இப்போது மாதா கோயில் தெரு, காலனி என்று இருக்கிறது.

அன்புச்செல்வி திண்டிவனத்தில் அதே தெருவில், அதே வீட்டில் இருக்கிறாள். மாடியில் வடகம் காய்கிறது.