காசிம் பாய் வரைந்த என் முறம்

சாயாக்கடைக்காரர்தான் சொன்னார்: "செல்விச்சேச்சி, காசிம் பாய் காலையில மரிச்சுப்போயிட்டாரு." நான் நம்பவில்லை. காசிம் பாய் எந்த வேலையையும் காலையில் செய்தவர் இல்லை. அவர் வீட்டு வாசலில் குவிந்துகிடந்த செருப்புகளைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

மட்டாஞ்சேரியில் உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். சுமைக்காரரின் கொக்கி, ஆப்பக்கடைச் சிரட்டைக் கரண்டி என்று கையால் செய்த சாமான் எதைக் கண்டாலும் உட்கார்ந்து வாட்டர்கலரில் வரைந்துவிடுவார். கழுவிக் கொடுத்தால் கோபம் வரும். "கழுவின சாமான் பொய் சொல்லும். அழுக்கோட குடு" என்பார்.

"அப்ப உங்க சட்டை அரிச்சந்திரன், பாய்" என்பேன். சிரித்துக்கொண்டே அந்தச் சட்டையிலேயே பிரஷ்ஷைத் துடைப்பார்.

எங்கள் சுக்குக் கிடங்கில் புடைக்கிற பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முறத்தின் விளிம்பு பிய்ந்தால் ஆளுக்கொரு நிற பிளாஸ்டிக் வயரால் கட்டுவோம். மேரிக்குச் சிவப்பு, பாத்துமாவுக்குப் பச்சை, எனக்கு நீலம். அதை வைத்துத்தான் யாருடைய முறம் என்று தெரியும். என் முறத்தை அவர் வரைந்து கண்காட்சியில் வைத்தபோது, நான் கிடங்கையே அரைநாள் லீவு போட வைத்துக் கூட்டிப்போனேன்.

படத்தில் சுக்குத்தூள் இருந்தது, கறை இருந்தது. நீலம் இல்லை. விளிம்பு முழுக்க அழகான பிரம்பு.

"ஏடி, இதுல உன்னோடது எதுடி?" என்றாள் மேரி.

"இது கடையில தொங்குற முறம்" என்றாள் பாத்துமா.

நான் அவரிடம் போனேன். "பாய், என் நீலம் எங்க?"

"அது பிளாஸ்டிக் இல்லையா செல்வி. வாங்குறவங்களுக்குப் பழைய காலம் வேணும்."

"நான் இப்பத்தானே புடைக்கிறேன்?"

அவர் வேறு யாரையோ பார்த்துக் கும்பிட்டார்.

அதற்குப் பிறகும் கிடங்கு வழியாகப் போவார். நான் கேலி பேசுவதை விட்டிருந்தேன். "திட்டவாவது செய்யேன்" என்பார். என்னால் முடியவில்லை. நம்புகிறவரைத்தான் கேலி செய்ய முடியும்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்துப் போனேன். அவர் மனைவி அந்தப் படத்தை நீட்டினார். "உன்னோடதுன்னு சொல்லிட்டே இருந்தாரு. எடுத்துக்கோ."

"இது யாரோடதுன்னு எனக்குத் தெரியாது, லாத்தா" என்றேன். கிடங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதலில் பென்சிலால் போட்ட தாள் இருக்கிறதா என்று கேட்டேன். தேடிக் கொடுத்தார்.

அதில் நிறமே இல்லை. ஆனால் விளிம்பில் நான் போட்ட வயர் முடிச்சுகள் ஒவ்வொன்றும் இருக்கின்றன. வாங்குகிறவர்களை இன்னும் நினைக்காத காசிம் பாய் அந்தத் தாளில் இருக்கிறார். அவரை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.