ஐமோ வீட்டு வாசலில் சாத்தியிருந்த துடைப்பம்

எல்லாரும் சௌக்கியமா? முட்டிவலி, சளி, இருமல் எல்லாம் மட்டுப்பட்டதா? சரி, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்காருங்கள். இது கதை இல்லை. சத்தியமாக நடந்தது. ஹெல்வி என் சமையலறையில் உட்கார்ந்து, ஊற்றிக் கொடுத்த காபியை ஆற விட்டுவிட்டுச் சொன்னது. இருபத்தெட்டு வருஷமாகப் பழக்கம். பொய் சொல்லத் தெரியாதவள்.

ஹெல்வி எங்கள் ஊராட்சியின் வீட்டு நர்ஸ். ஊராட்சி என்றதும் நான்கு தெரு என்று நினைத்துவிடாதீர்கள். ஃபின்லாந்தின் வடகோடியில், நம் ஊர் மாவட்டம் இரண்டைச் சேர்த்த அளவு நிலம். ஆட்கள் ஆயிரம் பேர்கூடத் தேறாது. ஒரு நோயாளி வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர். இங்கே யாரும் கதவைப் பூட்டுவதில்லை. வெளியே போனால் கதவுக்கு வெளிப்புறம் ஒரு துடைப்பத்தைச் சாத்தி வைப்பார்கள். துடைப்பம் இருந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். தட்டக்கூட மாட்டார்கள், திரும்பிப் போய்விடுவார்கள். பூட்டைவிடப் பெரிய பூட்டு அது.

போன டிசம்பர், ஒரு வியாழக்கிழமை. பகல் ஒன்று பத்து. பகல் என்று சொல்கிறேனே தவிர அந்த மாதத்தில் சூரியன் தலையே காட்டாது. மைனஸ் இருபத்தெட்டு. ஐமோவுக்கு வாரா வாரம் மாத்திரைப் பெட்டியை நிரப்பிக் கொடுக்க வேண்டும். எண்பத்திரண்டு வயசு, தனிக்கட்டை. ஹெல்வி முற்றத்தில் வண்டியை நிறுத்தி, படியேறினாள்.

கதவில் துடைப்பம் சாத்தியிருந்தது.

யார் வீட்டுக்கோ போயிருக்கிறார் போல என்று திரும்பிவிட்டாள். பதினோரு கிலோமீட்டர் தள்ளி, சிக்னல் கிடைக்கிற இடத்தில் ஆபீசுக்கு போன் போட்டாள். எடுத்தது மின்னா, சின்னப் பெண், வாய் நீளம்.

"ஐமோ வீட்ல இல்ல மின்னா. துடைப்பம் சாத்தியிருக்கு."

"கெழவருக்கு எங்கயாச்சும் ஜோடி மாட்டியிருக்கும்க்கா. விடுங்க, அடுத்த வீட்டப் பாருங்க."

ஹெல்வி சிரித்தாள். வண்டியைக் கிளப்பினாள். அப்புறம்தான் உறைத்தது.

ராத்திரி முழுக்கப் பனி கொட்டி, காலை ஒன்பதுக்குத்தான் நின்றது. முற்றத்தில் அவளுடைய காலடி மட்டும்தான் இருந்தது. காலையில் அவர் வெளியே போயிருந்தால் தடம் இருக்கணும். ராத்திரிக்கு முன்னாலேயே போயிருந்தால் துடைப்பத்தின் மேல் பனி இருக்கணும்.

துடைப்பம் காய்ந்து கிடந்தது.

வண்டியைத் திருப்பினாள். திரும்ப வந்து சேரும்போது மணி ஒன்று ஐம்பத்தைந்து. இந்தத் தடவை ஐமோ வீட்டுத் திருப்பத்திலேயே பனிக் குவியலில் சக்கரம் மாட்டிக்கொண்டது. எஞ்சினை அணைத்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு முந்நூறு மீட்டர் நடந்தாள்.

வாசலில் துடைப்பம் இல்லை.

புதுத் தடமும் இல்லை. அவளுடைய பழைய தடம் மட்டும்...

கதவைத் திறந்தாள். படுக்கையறையிலிருந்து ஒரு முனகல். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஐமோ கிடந்தார். இடுப்பு முறிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் விழுந்தவர். கரண்ட் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் உயிர் இருந்தது. உதடு வெடித்திருந்தது. ஹெல்வி பஞ்சைத் தண்ணீரில் நனைத்து வைத்தாள்.

"பெரியவரே, நான்தான் ஹெல்வி."

"எதுல வந்த?"

"வண்டி ரோட்டுல மாட்டிக்கிச்சு. நடந்து வந்தேன்."

"அதான்..." என்றார். "வண்டிச் சத்தம் கேட்டா அவ எந்திரிச்சுப் போயிருவா."

"யாரு?"

அவர் தலையைத் திருப்பினார். சமையலறைப் பக்கம் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

இரண்டு பதினான்குக்கு அவர் வீட்டு லேண்ட்லைன் போனிலிருந்து ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். நாடி ரொம்பவும் தளர்ந்து போயிருந்தது. இன்னும் ஒரு ராத்திரி தாங்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மூன்று நாற்பத்தாறு. தூரத்தில் எஞ்சின் சத்தம். "வந்துட்டாங்க பெரியவரே!"

அவர் அவள் கையை இறுக்கிப் பிடித்தார்.

சமையலறையில் நாற்காலி நகர்ந்தது.

க்ரீச்...

பலகைத் தரையில் காலடி. மெதுவாக. இழுத்து இழுத்து.

வாசல் கதவு திறந்தது. குளிர் வந்து காலைத் தொட்டது. கதவு மூடியது.

சர்ர்... டக்.

வெளியே... மரத்தில் ஏதோ சாய்கிற சத்தம்.

எஞ்சின் சத்தம் பக்கத்தில் வந்தது. நின்றது. திரும்ப உறுமியது.

தள்ளிப் போக ஆரம்பித்தது.

ஹெல்வி ஓடினாள். கதவைத் தள்ளினாள். நகரவில்லை. தோளைக் கொடுத்து இடித்தாள். எதுவோ படியில் விழுந்து உருண்டது. ஆம்புலன்சின் சிவப்பு விளக்கு திருப்பத்தில் மறையப் போகிறது. வெறும் சாக்ஸோடு பனியில் ஓடி, டார்ச்சை ஆட்டி, தொண்டை கிழியக் கத்தினாள்.

விளக்கு நின்றது.

"துடைப்பம் சாத்தியிருந்துச்சும்மா," என்றான் ஆம்புலன்ஸ்காரன் யூசி, மூச்சு வாங்க. "இது இல்ல, அடுத்த வீடுன்னு நெனச்சிட்டோம். உள்ள ஆள வெச்சிக்கிட்டு யாரு சாத்துனது?"

ஸ்ட்ரெச்சர் வெளியே வரும்போது படியில் துடைப்பம் இல்லை. முற்றம் முழுக்க டார்ச் அடித்துத் தேடினார்கள். இல்லவே இல்லை.

ஐமோ பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் ஹெல்வியிடம் சொன்னாராம். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயசு. அம்மா படுத்த படுக்கை. காட்டில் மரம் வெட்டப் பத்து நாள் வேலை. அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பிக் கிளம்பினார். கிளம்புகிற அவசரத்தில், கைப்பழக்கத்தில், துடைப்பத்தைக் கதவில் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

தபால்காரர் மூன்று தடவை வந்திருக்கிறார். பால்காரர் இரண்டு தடவை. துடைப்பத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள்.

பத்தாம் நாள் ஐமோ வந்து கதவை இழுத்துத் திறந்தார். நிலைப்படியை ஒட்டி அம்மா உயிரில்லாமல் கிடந்தாள். வண்டிச் சத்தம் கேட்ட ஒவ்வொரு தடவையும், கட்டிலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து அதுவரை வந்திருக்கிறாள்.

அன்றிலிருந்து அறுபத்து மூன்று வருஷமாக அந்த வீட்டில் துடைப்பமே கிடையாதாம்.

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா? மணி, இடம் எல்லாம் விடாமல் கீழே எழுதுங்கள். விளக்கைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிக்கிறேன்.