எண்ணெய்க் கோட்டைத் துடைத்த காலை

மோட்டார் சைக்கிளின் முன்பக்கக் குழாய்கள் இரண்டும் பளபளவென்று வெளியே தெரிய வேண்டும் என்ற ஆசைக்காக ஒரு மனிதரின் வலது கையைக் கெடுத்தவன் நான். இதை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. எண்பதுகளின் நடுவில், கோவில்பட்டியில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் வேலை பார்த்த காலம். வயது முப்பத்தைந்து. புத்தி அதில் பாதிகூட இருந்திருக்காது.

நெடுந்தூரப் பயணத்துக்கென்று புது அமைப்பில் வந்திருந்த வண்டி அது. ஊரில் அந்த மாடலை முதலில் வாங்கியவன் நான்தான். பழைய மாடலில் முன்பக்க ஷாக் அப்சார்பர் குழாய்களுக்கு மடிப்பு மடிப்பாகக் கறுப்பு ரப்பர் உறை போட்டிருக்கும். கணுக்காலில் சுருண்டு இறங்கிய சாக்ஸ் மாதிரி இருக்கும். புதியதில் அதை எடுத்துவிட்டுக் குழாயை வெளியே விட்டிருந்தார்கள். அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். சீவியும் இருக்கிறேன்.

முதல் சர்வீசுக்கு விட்டிருந்தபோது, மெக்கானிக் என்னைக் கேட்காமலே பழைய மாடல் உறைகளை வாங்கி மாட்டி வைத்திருந்தார். எந்தக் கம்பெனி வண்டியானாலும், உறை இல்லாமல் வந்தால் அவர் செய்கிற முதல் காரியம் அதுதானாம். உடனே கழற்றச் சொன்னேன்.

"அண்ணாச்சி, நம்ம கரிசப் புழுதி மாவு மாதிரி. கம்பியில ஒட்டிக்கிட்டு உள்ள போச்சுன்னா எண்ணெயத் தடுக்கிற ரப்பர் சீலைத் தின்னுரும். எண்ணெய் ஒழுகிட்டுன்னா வண்டி குதிரையா குதிக்கும், பாத்துக்கிடுங்க."

நான் படிப்பாளி. வண்டியோடு கொடுத்த ஆங்கிலக் கையேட்டை ஒரு வரி விடாமல் படித்து வைத்திருந்தேன். உறை மாட்டச் சொல்லி அதில் எங்கேயும் இல்லை என்பதை அவருக்குத் தமிழில் விளக்கினேன்.

"அதை எழுதுனவரு விளாத்திகுளம் ரோட்டுல வந்திருக்காரா?" என்று கேட்டபடியே கழற்றினார். "சரி, எண்ணெய் தெரிஞ்சா பின்னால ஆள மட்டும் ஏத்தாதிய."

என் நண்பர் ஒருவர் தீப்பெட்டி லேபிள்களுக்குப் படம் வரைபவர். உள்ளங்கை அகலத் தாளில் மயில் வரைந்தாரென்றால் தோகையில் ஒவ்வொரு கண்ணும் தனியாகத் தெரியும். அந்த வலது கைதான் அவர் வீட்டு அரிசிப் பானை. அந்த வைகாசியில் அவருடைய தங்கைக்கு, குளத்தூர்ப் பக்கம் சொந்த ஊரில் நிச்சயதார்த்தம். மனைவியும் பிள்ளைகளும் முந்தின நாளே பஸ்ஸில் போய்விட்டார்கள். ஒரு லேபிளை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்ததால் அவர் மட்டும் தங்கிவிட்டார். காலையில் நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

வண்டியை வெளியே எடுத்தபோது இடப்பக்கக் குழாயில், புழுதியோடு குழைந்து, ஓர் எண்ணெய்க் கோடு இறங்கியிருந்தது. மெக்கானிக் சொன்னது நினைவுக்கு வராமல் இல்லை. கடை திறக்க நேரமாகும், விசேஷத்துக்குப் பிந்திவிடும் என்றெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. உறையைக் கழற்றச் சொல்லி வாயடித்துவிட்டு, ஒழுகுகிற வண்டியோடு அவர் கடை முன்னால் போய் நிற்க வெட்கமாக இருந்தது. பழைய பனியன் துணியால் கோட்டைத் துடைத்தேன். குழாய் முன்னைவிடப் பளபளத்தது. நண்பர் வந்தார், ஏறினார், கிளம்பினோம்.

எட்டயபுரம் வரை ஒன்றும் தெரியவில்லை. விளாத்திகுளம் தாண்டி, ஓர் ஓடையின் குறுக்கே சாலை பள்ளமாக இறங்கி ஏறும். இறங்கியதும் முன்பக்கம் மடாரென்று அமுங்கியது. அமுங்கிய வேகத்தில் துள்ளியது. மறுபடி அமுங்கித் துள்ளியபோது ஹேண்டில் பார் என் பிடியில் இல்லை. சாலையோரக் கரிசலில் போய் விழுந்தோம். மழை பெய்தால் காலை விடாத அந்த மண், கோடையில் வெடித்துப் பாறையாகக் கிடக்கும்.

எனக்கு முழங்கையில் தோல் போனதோடு சரி. அவர் வலது கையை ஊன்றி விழுந்திருந்தார். மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அவர் கத்தவில்லை. கையையே பார்த்துக்கொண்டு, "விரலு அசையுதான்னு பாரும்வே" என்றார்.

பார்த்தேன். அசையவில்லை.

உப்பு மூட்டை ஏற்றி வந்த லாரி ஒன்று நின்றது. என்ன ஆச்சு என்று டிரைவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நண்பர், "ஆடு குறுக்க வந்துட்டு" என்றார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஆடு எதுவும் இல்லை. நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அந்த லாரியில்தான் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தோம். நிச்சயதார்த்தம் அண்ணன் இல்லாமலே நடந்தது.

ஒரு வாரத்தில் அந்த ஆடு ஊரெல்லாம் மேய்ந்துவிட்டது. டீக்கடையில் ஒருவர் செம்மறியா வெள்ளாடா என்று கேட்டார். கூசாமல் வெள்ளாடு என்றேன். கறுப்பு என்று நிறமும் சொன்னேன்.

மாவுக்கட்டுப் போட்டிருந்த அத்தனை நாளும் தவறாமல் அவரைப் போய்ப் பார்த்தேன். ஊர்க்கதை எல்லாம் பேசினேன், அந்த ஒன்றைத் தவிர. கட்டைப் பிரித்த அன்று அவர் பிரஷைக் கையில் எடுத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர மறுத்தன. பிரஷ் நழுவிக் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன், மறுபடி விழுந்தது. அதற்குப் பிறகு அவர் எடுத்துத் தரச் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: ரப்பர் உறை, மெக்கானிக் பேச்சு, பனியன் துணி.

நண்பர் மென்றுகொண்டிருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "நீரு தொடைச்சதைத் தெருமுனையில வரும்போதே பாத்தேன்வே."

"பிறகு எதுக்கு ஏறினீரு?"

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னால புது வண்டியில போய் இறங்கணும்னு ஒரு ஆசைதான்."

"அந்த ஆடு?"

"வண்டின்னா நாலு பேரு உம்மைக் கேப்பான். ஆட்டை எவன் கேக்கப் போறான்?"

அவர் பார்த்தது துணியை மட்டும்தான். அந்த எண்ணெய்க்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தானே. அவர் அப்படிச் சொன்னதால் என் பங்கு ஒரு துளியும் குறைந்துவிடவில்லை.

ஒரு வருடத்தில் விரல்கள் ஓரளவு மடங்கின. கடைப் பலகையில் பெரிய எழுத்து எழுத அது போதும். தோகைக் கண்ணுக்குப் போதாது. லேபிள் வேலை வேறு ஆளுக்குப் போயிற்று. அவர் போர்டு எழுதிப் பிழைத்தார். இன்றைக்கும் எதையாவது அவசரமாகத் துடைக்கப் போகும்போது, யார் பார்த்துவிடக் கூடாது என்று இதைத் துடைக்கிறேன் என்ற கேள்வியில் ஒரு கணம் என் கை நின்றுவிடுகிறது.

எல்லாவற்றையும் சொன்ன அன்று மத்தியானம் நான் அதோடு நிறுத்தவில்லை. பாவம், மன்னிப்பு, மனசாட்சி என்று கண்ணீரோடு நெடுநேரம் பேசினேன். நிறையப் படித்தவனுக்கு வார்த்தைக்கா பஞ்சம்? அவர் மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"பாவத்தையெல்லாம் ஞாயித்துக்கிழமை எங்க மாதா கோயில் சாமியார்ட்ட வந்து சொல்லுங்க, அண்ணாச்சி. எனக்குத் தீப்பெட்டி ஆபீசுல குச்சி அடுக்கப் போக நேரமாச்சு. கையைக் கழுவிட்டு வந்து மீதிச் சோத்தை நீங்க ஊட்டிவிடுங்க."