அப்பாவின் கால் கட்டைவிரல்

என் அப்பாவை நூலால் கட்டிப்போட்ட பெருமை எனக்கு உண்டு. அப்போது எனக்குப் பத்து வயது. காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு பட்டுத்தறி. மதுவிலக்குக் காலம் அது. ஊரே அறிந்த அந்தச் சட்டத்தை அப்பா மட்டும் கேள்விப்படவில்லை போலும். ஓரிக்கைப் பக்கம் ஆற்றங்கரையில் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த முறை ஒன்பது நாள் குடிக்காமல் இருந்தார். கை நடுங்கியது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் ஓர் இழை அறுந்தால்கூட முடிச்சுப் போட வரவில்லை. அம்மாவுக்கு அதைவிட நடுக்கம். அவர் இருமினால் எழுந்தாள், செருப்பைத் தேடினால் குறுக்கே நின்றாள், புழக்கடைக்குப் போனாலும் பின்னாலேயே போனாள். சோற்றைக்கூட நின்றுகொண்டேதான் தின்றாள். அந்தப் பதற்றம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

பத்தாம் நாள் மத்தியானம் அம்மா முதலாளி வீட்டுக்கு, நெய்யப் பட்டு நூல் வாங்கப் போக வேண்டியிருந்தது. "அப்பாவ பாத்துக்கோம்மா. கண்ண எடுக்காத" என்றாள். தெருக்கதவை நான் பார்த்துக்கொள்ளலாம், பின்கதவை யார் பார்ப்பது? நான்கு கழிவு நூல்களைச் சேர்த்து முறுக்கி, தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் கால் கட்டைவிரலில் கட்டினேன். மறுமுனை என் மணிக்கட்டில். வாசற்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்து குறுக்கே ஓட்டும் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றினேன். அவ்வப்போது நூலை இழுத்துப் பார்த்தேன். விறைப்பாகவே இருந்தது.

அம்மா வந்தாள். "அப்பா தூங்கினு இருக்காரும்மா" என்றேன் பெருமையாக. உள்ளே பாய் காலி. நூல் தறிக்கம்பத்தில் கட்டியிருந்தது. அம்மா அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள்.

"கை நடுங்குதுன்னாரே. எவ்ளோ நல்லா போட்டுட்டு போயிருக்காரு பாரு" என்று சிரித்தாள்.

வழக்கமாக ஆற்றங்கரைக்கு ஓடுகிறவள் அன்று ஓடவில்லை. பட்டுப் பொட்டலத்தை வைத்துவிட்டு அதே பாயில் சாய்ந்தாள். "போய் கூட்டினு வாம்மா" என்று உலுக்கினேன். "கொஞ்ச நேரம் என்ன உடுமா" என்றவள், சொல்லி முடிப்பதற்குள் தூங்கிப்போனாள். குறட்டை வேறு. பக்கத்து வீட்டுத் தறி இடித்துக்கொண்டிருந்தது, அவள் புரளக்கூட இல்லை. எனக்கு அழுகை வந்தது. அப்பா போனதைவிட, அவள் இப்படித் தூங்கியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நான் அவரிடம் முதலில் சொன்னதே கோள்தான்.

"நீ போனதும் அம்மா உன்ன தேடவே இல்லப்பா. நல்லா தூங்கிடுச்சி."

அம்மா அவருக்குச் சோறு போட்டாள். அவர் குடிக்கப் போய்விட்டால்தான் காவல் முடிந்து அவளால் கண்ணை மூட முடியும் என்பது எனக்கு விளங்க, கல்யாணமாகி, நானே காவல் காக்க அப்படி ஓர் ஆள் எனக்கும் வாய்க்க வேண்டியிருந்தது. அன்று நான் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.