ஏரி இடக்கைப் பக்கம்

ஏரிக்கரையில் நடக்கப் போகிறவர்கள் அவரை முதன்முதலில் முட்டி போட்ட கோலத்தில்தான் பார்த்திருப்பார்கள். கையில் பிரஷ், பக்கத்தில் மஞ்சள் பெயின்ட் டப்பா, எதிரே ஒரு மரக்கம்பம். தகர அச்சைக் கம்பத்தில் வைத்து அழுத்தி ஓர் அம்பு போடுவார். அச்சை எடுத்துவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். ஓரம் பிசிறியிருந்தால் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. ஊரில் எல்லாருக்கும் அந்தப் பெண்மணி ‘அம்பு’தான். சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பதே சந்தேகம்.

அதற்கு முன் பல வருடங்கள் அவர் நகரசபையில் சாலைக்குக் கோடு போடும் குழுவில் இருந்தார். தலைக்கு மேல் வெயில், காலுக்குக் கீழே கொதிக்கிற தார், காதுக்குப் பக்கத்தில் லாரி. ஏரிப் பாதைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேட்டபோது முதலில் கை தூக்கியவர் அவர்தான். “அங்க யாரும் ஹாரன் அடிக்க மாட்டாங்க” என்பதுதான் அவர் சொன்ன ஒரே காரணம்.

விழுந்த கிளையை அப்புறப்படுத்துவது, ஆடுகிற பலகைக்கு ஆணி அடிப்பது, முட்செடியை வெட்டுவது, வெளிறிய அம்பைப் புதுப்பிப்பது. இவ்வளவும் அவர் ஒருவர் வேலை. இதோடு, எந்தப் பாதை எளிது, எது சிரமம் என்று பலகை எழுதி வைப்பதும் அவர்தான். இதற்கு நகரசபை ஓர் அளவுகருவி கொடுத்திருந்தது. அது அலமாரியில் பத்திரமாக இருந்தது. அம்புவின் அளவுகருவி அவருடைய அக்கா.

அக்காவுக்கு முட்டி அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. தினமும் நடந்தால்தான் கால் மடங்கும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்கா நடக்கும்போது பேசுவார். பேசுவதற்காகவே நடப்பார் என்றும் சொல்லலாம். அவர் பேச்சு நடுவில் அறுந்தால் அங்கே மேடு இருக்கிறது என்று அர்த்தம். தொடங்கிய கதை அறுபடாமல் முடிந்தால் அது எளிய பாதை.

இந்தச் சோதனையில் முழுதாகத் தேறியது ஒன்றே ஒன்று, ஏரியைச் சுற்றி வரும் பாதை. படகுத்துறையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரேயே தொடங்கும். ஏரியை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நாணல் ஓரமாகப் போய், பைன் தோப்புக்குள் நுழையும். தோப்பு முடிகிற இடத்தில் ஒரு கருங்கல் மதில், அதில் ஒரு சின்ன இரும்புக் கதவு. உள்ளே போனால் பழைய மாளிகையின் தோட்டம். கிளைகள் தலைக்கு மேல் கைகோத்து நிற்கும் மரச்சாலை, குதிரைகள் இல்லாத குதிரை லாயம், தண்ணீர் வராத நீரூற்று. லாயத்தைச் சுற்றிவந்தால் சரளைக்கல் போட்ட அகலச் சாலையில் ஏறி, பெரிய கேட் வழியாக மறுபடியும் ஏரிக்கரை. எங்கேயும் ஒரு படி கிடையாது.

தோட்டத்து வழி மாளிகைக்காரர் தயவில் திறந்திருந்தது. அவர் தனிக்கட்டை; அந்தப் பெரிய வீட்டில் இரண்டு அறைகளை மட்டும் புழங்கிக்கொண்டிருந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பஸ் நிறுத்தம் வந்த சில வாரங்களில் அவரே அம்புவைத் தேடி வந்தார்.

“காலையில ரொட்டிக்கு வெண்ணெய் தடவிட்டிருக்கேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பமே நின்னு என்னைப் பார்க்குது. மியூசியம்னு நினைச்சாங்களாம்.”

“ஐயையோ.”

“நேத்து ஒருத்தர் உள்ளேயே வந்துட்டார். டிக்கெட் எங்க வாங்கணும்னு கேட்டார். நான் டிரெஸ்ஸிங் கவுன்ல நிக்கிறேன்.”

மாதக் கடைசிக்குள் இது நிற்காவிட்டால் இரண்டு வாசலையும் பூட்டிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அம்புவைப் பயமுறுத்தியது.

பூட்டிவிட்டால் மாளிகைக்குப் பின்னால் உள்ள குன்றின் மேல் ஏறி இறங்கித்தான் மறுபுறம் வர முடியும். ஏணியைச் சாய்த்து வைத்தது போன்ற படிகள். அக்காவிடம் விஷயத்தைச் சொன்னார்.

“படி ஏறவா எனக்கு முட்டி மாத்தினாங்க? நல்லா இருக்கு கதை! அப்புறம் நான் வீட்டுக்குள்ளேயே சுத்தி சுத்தி வரவேண்டியதுதான். உங்க அத்தான் தலை சுத்திக் கீழ விழுவாரு.”

அம்பு மறுநாளே பாதை முழுக்கப் போய்ப் பார்த்தார். படகுத்துறையில் தொடங்கி, ஏரி இடக்கைப் பக்கம், ஒவ்வொரு கம்பமாக. எல்லா அம்பும் பளிச்சென்று இருந்தது. வழி தவறி வந்தவர்களைப் பிடித்து விசாரித்தார். “அம்பு பார்க்கலையா?” என்றால், “இல்லீங்க, கவனிக்கலை” என்று அசடு வழிந்தார்கள். கண்ணை எங்கே வைத்துக்கொண்டு நடக்கிறார்களோ என்று அலுத்துக்கொண்டு, பெரிய அச்சாக வெட்டி, எல்லா அம்பையும் இரண்டு மடங்காக்கினார். அந்த வார இறுதியில் மாளிகைக்காரரின் சாப்பாட்டு அறைக்கு முன்னைவிடக் கூட்டம்.

“நீ போடற அம்பு உனக்குப் புரியும். வழி தெரியாதவன் எவனாவது நடந்து பார்க்கணும்” என்றார் அக்கா.

“அப்படி ஒருத்தர் வேணுமே.”

“ஏன், எங்க வீட்ல ஒண்ணு வச்சிருக்கேனே.”

அத்தான் தையல்காரர். உட்கார்ந்த இடத்தில் மன்னர்; எழுந்துவிட்டால் திசை தெரியாது. ஒருமுறை சினிமாவில் இடைவேளைக்கு எழுந்து போனவர், பக்கத்து அரங்கில் நுழைந்து வேறொரு படத்தைக் கடைசிவரை பார்த்துவிட்டு, கதை சரியில்லை என்று வீட்டுக்கு வந்து சொன்னார்.

ஞாயிறு காலை மூவரும் படகுத்துறையில் இறங்கினார்கள். அத்தான் முன்னால் போக வேண்டும், பின்னால் வரும் இருவரும் வாயைத் திறக்கக் கூடாது என்று ஏற்பாடு. அம்புவுக்கு அது சுலபம். அக்கா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு வந்தார்.

அத்தான் கம்பத்துக்குக் கம்பம் நின்று, அம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு நடந்தார். பைன் தோப்பில் பெஞ்சில் உட்கார்ந்து காலாறினார். மதில் கதவைத் தானே கண்டுபிடித்தார். மரச்சாலை, லாயம், அகலச் சாலை, பெரிய கேட். எங்கும் தவறவில்லை. புது பஸ் நிறுத்தத்தில் வந்து நின்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

“என்ன கொழுந்தியா, இப்பவாவது ஒத்துக்கோ. உங்க அக்கா இத்தனை வருஷமா என் பேரைக் கெடுத்து வச்சிருக்கா.”

அம்புவுக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தானே தவறாத பாதையில் மற்றவர்கள் எப்படித் தவறுகிறார்கள்? மாதக் கடைசிக்கு அதிக நாள் இல்லை.

“குடை எங்க?” என்றார் அக்கா.

குடை பைன் தோப்புப் பெஞ்சில் இருந்தது. “இப்ப வந்த வழிதானே, ஒரு எட்டுல எடுத்துட்டு வந்துடறேன்” என்று அத்தான் கிளம்பினார். ஒரு பஸ் வந்து போனது. இன்னொன்றும் போனது.

“போச்சு. போய்த் தேடு” என்றார் அக்கா.

அம்பு தேடிப் போனார். தோப்பில் குடை இருந்தது, ஆள் இல்லை. குடையோடு திரும்பி வரும்போது மாளிகைப் பக்கமிருந்து அத்தானின் குரல் கேட்டது. கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. சாப்பாட்டு அறையில் மாளிகைக்காரர் கைகளை விரித்து நிற்க, அத்தான் அவருடைய கோட்டின் தோள்பட்டையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜையில் இரண்டு தேநீர்க் கோப்பைகள்.

“இந்தத் தையல் யார் போட்டது? கை ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. இதைப் போட்டுக்கிட்டா வெளிய போறீங்க?”

“வெளியவே போறதில்லை” என்றார் மாளிகைக்காரர்.

அம்பு வாசலிலேயே நின்றார். “அத்தான், இங்க எப்படி வந்தீங்க? அம்பு இருந்துச்சே!”

“எங்க இருந்துச்சு? போகும்போது இருந்துச்சு. திரும்பறப்ப எல்லாக் கம்பமும் மொட்டையா நிக்குது. அகலமா ஒரு ரோடு போச்சு, நானும் அது கூடவே போனேன்.”

அம்பு ஓடினார். லாயத்துக்குப் பக்கத்தில், சின்னப் பாதை அகலச் சாலையைத் தொடும் இடத்தில் அவருடைய கம்பம் இருந்தது. கேட் பக்கமிருந்து வருகிறவர் போல வந்து நின்று பார்த்தார். வெறும் மரம். இரண்டு மடங்கு அம்பு முழுவதும் அந்தப் பக்கம்.

சாலையில் ஓர் அம்பு போட்டால் அது ஒரு தடத்துக்கு மட்டும். எதிரே வருகிறவனுக்கு அவனுடைய தடத்தில் வேறு குழு வந்து வேறு அம்பு போடும். கோடு போட்ட அத்தனை வருடத்தில் எதிரே வருகிறவனைப் பற்றி அம்பு யோசித்ததே இல்லை. யோசித்தால் வேலை கெடும். பாதைக்கு வந்த பிறகும் கை பழைய பழக்கத்திலேயே இருந்திருக்கிறது. எல்லாரும் படகுத்துறையில் இறங்கிக்கொண்டிருந்தவரை அது யாருக்கும் தெரியவில்லை. புது நிறுத்தத்தில் இறங்கி, ஏரியை வலக்கைப் பக்கம் வைத்து நடந்தவர்களைத்தான் மொட்டைக் கம்பங்கள் மாளிகைக்காரரின் வெண்ணெய்க்கு வழி காட்டியிருக்கின்றன.

மாளிகைக்காரரிடம் போய் இதை அப்படியே சொன்னார். “தப்பு என்னோடதுதாங்க. நடந்தவங்களோடது இல்லை. ஒரு வாரம் கொடுங்க.”

“நாலு கையும் சேர்ந்தா முடியுமா?” என்றார் அவர், அத்தானையும் பார்த்து.

“இவருக்கு ஊசிதான் பிடிக்கத் தெரியும்” என்றார் அம்பு.

ஒரு வாரமும் தனியாகவே முட்டி போட்டார். எல்லாக் கம்பத்திலும் மறுபக்க அம்பு. லாயத்துக் கம்பத்தை மட்டும் பிடுங்கி, கேட்டிலிருந்து அகலச் சாலையில் வருகிறவர் கண்ணில் நேராகப் படுகிற மாதிரி நட்டார். அடுத்த ஞாயிறு அத்தானைப் புது நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, எதிர்த்திசையில் நடக்கச் சொன்னார்கள். மாளிகைக்காரரும் கண்ணாடிக் கதவருகே நின்று பார்த்தார். அத்தான் கேட்டுக்குள் வந்தார், கம்பத்தருகே நின்றார், அம்பைத் தொட்டார், சின்னப் பாதையில் திரும்பினார். மரங்களுக்குள் போய் மறைந்தார்.

அம்பு மூச்சு விட்டார்.

மாளிகைக்காரர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். “கேட்டைப் பூட்டலை. அது திறந்தே இருக்கட்டும்.” கொஞ்சம் தயங்கினார். “ஆனா அந்தாளு கோட்டுக் கையைப் பிரிச்சுட்டு அப்படியே போட்டுட்டுப் போயிட்டாரே. இன்னிக்கு வருவார்னு நினைச்சேன்.”

“வரச் சொல்றேங்க. ஆனா நான்தான் கூட்டிட்டு வரணும். உங்க வீட்டுக்கு அம்பு போட மாட்டேன்.”

அக்கா அதற்குள் லாயத்தைத் தாண்டிவிட்டார். ஆளில்லாத மரச்சாலையில் அவர் குரல் மட்டும், பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் யார் யாரோடு பேசவில்லை என்று விவரமாகச் சொல்லிக்கொண்டு, நிற்காமல் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. அத்தானுக்குக் கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தம். அம்பு பெயின்ட் டப்பாவை மூடிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.